முற்றத்து மணல்

சின்னவிளை

மக்களே,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முட்டுவலி அப்படியேதான். மட்டிக்குலை ஒன்று வெட்டிப் பழுக்க வைத்தோம், திருவிழாவுக்கு நீ வருவாய் என்று நினைத்து. வேலை இருந்திருக்கும், சரி.

நேரத்துக்குச் சாப்பிடு. உடம்பில் படும் கதிரை அளக்கும் அந்தப் பேட்ஜைக் குத்த மறக்காதே. எல்லோரும் குத்தியிருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் உன் வேலையே, உனக்கு நான் சொல்கிறேன் பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வரும் என்றாயே, இந்த முறை வந்ததா? கதிர் வேலை பார்ப்பவர்களுக்கு வருஷத்துக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட் வரை படலாம், வெளியாளுக்கு 1 வரை என்று நீ சொன்னதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

கடற்கரைத் தெரு பெரியம்மா இப்போது நடமாடுகிறாள். புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை, அதான் கரண்ட், வைத்துவிட்டு வந்தவள் என்று மருமகள் அவளுக்குத் தட்டும் தம்ளரும் தனியாக வைத்திருந்தாளே. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ போய், மெஷினை நிறுத்தினால் கதிரும் நின்றது, உடம்பில் ஒன்றும் தங்காது என்று சொல்லி, அவள் தட்டிலிருந்தே மரச்சீனியும் மீன்குழம்பும் பிசைந்து தின்றாய். பேரன் இப்போது அவள் மடியை விட்டு இறங்குவதில்லை. கோயிலில் என்னைக் கண்டால் உன்னைத்தான் விசாரிக்கிறாள். 2017-ல் ஒக்கிப் புயல் அடித்தபோதும் லீவு போட்டு வந்து, சின்னத்துறையில் கடலைப் பார்த்து நின்ற பெண்களோடு ராத்திரி பகலாக இருந்தவள் நீ. ஊருக்கெல்லாம் ஓடுகிறாய். வீட்டுக்கு ஒரு போன் பண்ண ஆகவில்லை. மாப்பிள்ளையிடம் கேட்டால், “நல்லா இருக்கா மாமா” என்று வைத்துவிடுகிறார்.

ஆடியில் வந்து ஐந்து நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. கிளம்பின அன்று விடியற்காலை, பையிலிருந்து கதிரை அளக்கும் அந்தச் சின்ன மீட்டரை எடுத்து முற்றத்தில் குனிந்து பிடித்தாய். சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். துணி காயப்போடும் கொடிப் பக்கம் போனதும் டிக் டிக் என்று அடுக்கடுக்காக அடித்தது. அணைத்துப் பையில் வைத்தாய். அப்புறம் உள்ளே வந்து என்னிடம் கட்டன்சாயா கேட்டாய்.

அந்த மணலைக் கொண்டுவந்து போட்டது நான்தான், மக்களே. நீ தவழத் தொடங்கின வருஷம், 1991. சிமெண்ட் போடக் காசில்லை. பிள்ளை முட்டு தேயாமல் தவழட்டும் என்று, கரையில் கருப்பாகப் பட்டு மாதிரி ஒதுங்கிக் கிடந்ததாகப் பார்த்துக் கடவம் கடவமாகச் சுமந்து வந்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். இந்தப் பக்கத்துக் கயிற்றில் ஒட்டிப் போன மணலில்தான் 1909-ல் ஜெர்மன்காரர் ஷோம்பெர்க் மோனசைட்டைக் கண்டார், அதில் கதிர் வீசும் தோரியம் இருக்கிறது என்பதெல்லாம் அப்போதே கேட்ட கதைதான். கயிற்றில் ஒட்டின மணலுக்கே அந்தக் கதை. பக்கத்து வீட்டுக்காரர் கூட, “பிள்ளை கிடக்கிற இடத்திலே இது வேண்டாம்” என்றார். மணலைக் காசு கொடுத்தா வாங்கினேன், உமக்கென்ன என்று அவரிடம் சண்டைக்குப் போனேன்.

இதே மணல் கிடக்கிற கேரளக் கரை, கருநாகப்பள்ளியில் ஏறக்குறைய 70,000 பேரை வருஷக்கணக்காகப் பார்த்தும் புற்றுநோய் கூடவில்லை என்று நீ முன்பு சொன்னது மறக்கவில்லை. நான் ராத்திரி நினைத்துக் கிடப்பது புற்றுநோயைப் பற்றி இல்லை.

போன வாரம் முற்றத்தைத் தோண்டிவிட்டேன். 43 சாக்கு. எல்லாவற்றையும் கரையிலேயே கொண்டு கொட்டினேன். வயசு காலத்தில் கிறுக்கு பிடித்துவிட்டது என்று அம்மா ஏசினாள். அவளிடம் காரணம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. இப்போது முற்றம் முழங்கால் பள்ளம், மழைத்தண்ணீர் கெட்டிக் கிடக்கிறது. செம்மண் அடிக்கவா, சல்லி போடவா? அன்றைக்கு மீட்டரில் என்ன காட்டியது என்று சொல்ல மனமில்லை என்றால் சொல்ல வேண்டாம். என்ன போட வேண்டும் என்று மட்டும் போனில் சொல். லாரிக்காரன் சனிக்கிழமை வரை பொறுப்பான்.

பேட்ஜ் ஞாபகம்.

அப்பா