தேர்தலுக்கு ஒப்படைப்பது போல

அன்புள்ள ஆசிரியருக்கு,

துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மனநலப் பரிசோதனை வேண்டுமா என்று உங்கள் இதழில் நடக்கும் விவாதத்தைப் படித்தேன். நான் முன்னாள் ராணுவ வீரன். ஓய்வுக்குப் பிறகு பதினோரு வருடம் வங்கிக் காவலாளியாக இருந்தேன். சொந்தமாக இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. பரிசோதனை கட்டாயம் வேண்டும்.

சட்டத்தில் இல்லாமல் இல்லை. மனநிலை சரியில்லாதவருக்கு உரிமம் கூடாது என்று 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமே சொல்கிறது. 2016 விதிகள் மனநலம், போதைப் பழக்கம் இரண்டையும் குறிப்பிட்டு மருத்துவச் சான்றிதழ் கேட்கின்றன. ஆனால் எனக்குச் சான்றிதழ் தந்த டாக்டர் பிபி பார்த்தார், கண் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். ராத்திரி தூக்கம் வருகிறதா என்றுகூடக் கேட்கவில்லை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்றிருந்த புதுப்பித்தலும் 2019 திருத்தத்தில் 5 ஆண்டாகிவிட்டது. அதற்குள் ஒரு மனிதனுக்கு என்னென்னவோ நடந்துவிடும்.

எனக்கு நடந்தது. மனைவி போன பிறகு, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பீரோவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். துப்பாக்கி அதற்குள்தான் இருந்தது. ஒருநாள் விடிந்ததும் அதை உறையில் போட்டு, தோட்டாக்களையும் எண்ணி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். “இப்போ தேர்தல் ஒண்ணும் இல்லையே, எதுக்குங்க கொண்டாந்தீங்க?” என்றார் அங்கிருந்தவர். எனக்கு வாயில் பதில் வரவில்லை. அப்புறம் லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில் பாதுகாப்புக்குக் கொடுத்துவைத்தேன். எட்டு மாதம் கழித்துத்தான் திருப்பி எடுத்தேன்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கிறோம். ரசீது தருகிறார்கள், எல்லாம் முடிந்ததும் திருப்பித் தருகிறார்கள். யாரும் அதை அவமானமாக நினைப்பதில்லை. மனசு சரியில்லாத காலத்துக்கும் அப்படி ஒரு வழி வேண்டும். லைசென்ஸே போய்விடும் என்றால் எவன் டாக்டரிடம் உண்மையைச் சொல்வான்? காவலாளி வேலை பார்ப்பவனுக்கு அது சோறு. மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலானவர்கள் யாருக்கும் தீங்கு செய்வதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து லூயிஸ்டன் நகரில் 2023 அக்டோபரில் 18 பேரைச் சுட்டுக் கொன்றவரும் ராணுவ ரிசர்வ் படைக்காரர்தான். அந்த ஜூலையில்தான் மனநல மருத்துவமனையில் இருந்தார். குடும்பத்தாரும் கூட வேலை பார்த்தவர்களும் முன்பே எச்சரித்திருந்தார்கள். அப்படிப்பட்டவரிடமிருந்து ஆயுதத்தை வாங்கி வைக்க அங்கே சட்டமும் இருந்தது, யாரும் அதைக் கையில் எடுக்கவில்லை. பட்டாளத்தில் இருந்தவன் என்பதால் அந்தச் செய்தி என்னை விட்டுப் போகவே இல்லை.

ஜப்பானில் 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், டாக்டர் சான்றிதழும் வேண்டும். அக்கம்பக்கத்திலும் போலீஸ் விசாரிக்கிறது. நமக்கு அவ்வளவு வேண்டாம் என்றால் சரி. புதுப்பிக்கும்போது அரசு மருத்துவமனை மனநல மருத்துவர் ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசட்டும். வீட்டில் இருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்கட்டும். துப்பாக்கியைத் தானாகக் கொண்டு வருபவனிடம் ஏன் என்று கேட்காமல் ரசீது எழுதிக் கொடுக்கட்டும்.

– முன்னாள் ராணுவ வீரர்,
வேலூர் மாவட்டம்