காலிச் சாக்குக்கும் கணக்கு

ஐயா,

ஆக்கிரமிப்பில் சிக்கிய மக்களுக்கு உணவு அனுப்புவது பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கப்பலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சரக்கு கரையேறிய பிறகுதான் வேலையே தொடங்குகிறது. முதல் உலகப்போர் காலத்து பெல்ஜியத்தைப் பாருங்கள்.

தனக்கு வேண்டிய தானியத்தில் முக்கால் பங்கை வெளியில் வாங்கிய நாடு அது. 1914 ஆகஸ்டில் ஜெர்மன் படை உள்ளே நுழைந்தது; கடல் வழியை பிரிட்டன் அடைத்தது. நடுவில் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர். அக்டோபரில் அமெரிக்கரான ஹெர்பர்ட் ஹூவர் லண்டனில் அமைத்த நிவாரண ஆணையம் இரு தரப்பிடமும் வாக்கு வாங்கியது: வரும் உணவில் ஜெர்மானியர் கைவைக்கக்கூடாது, பிரிட்டன் கப்பலை மறிக்கக்கூடாது. பிரிட்டிஷ் அமைச்சர் சர்ச்சில் போன்றோர் இதைத் தொடக்கத்திலிருந்தே எதிர்த்தார்கள். சரக்கு ராணுவத்துக்குப் போகிறது என்று காட்ட அவர்களுக்கு ஒரே ஒரு மூட்டை சிக்கினாலும் போதும்.

அதனால் கைமாறும் இடமெல்லாம் எடை, கையெழுத்து. நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தில் கப்பலிலிருந்து கால்வாய்ப் படகுக்கு, படகிலிருந்து கிடங்குக்கு, பிறகு ஆலை, ஊர்க்குழு, ரொட்டிக்கடை. ஊருக்குள் பங்கீடு முழுவதும் பெல்ஜியர்களின் தேசியக் குழுவிடம்.

ஒழுகும் இடம் ரொட்டிக்கடைதான். 100 கிலோ மாவில் 130 கிலோவுக்குக் குறையாமல் ரொட்டி வரும். கூடுதல் எடை தண்ணீர். தண்ணீரை இன்னும் கொஞ்சம் ஊற்றி, அரைவேக்காட்டில் எடுத்தால் ரொட்டி எடை சரியாக நிற்கும், மாவு மிஞ்சும். மிஞ்சியது கள்ளச்சந்தைக்கு. ஆகவே எடையை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். ரொட்டியைப் பிட்டுப் பார்க்கவேண்டும்.

மாவு வந்த பருத்திச் சாக்கும் சும்மா இல்லை. பருத்தி வெடிமருந்துக்கு உதவும். எனவே காலிச் சாக்குகளையும் எண்ணித் திரும்ப வாங்கினார்கள். அவற்றில் பெல்ஜியப் பெண்கள் பூவேலை செய்து விற்றது தனி அழகு.

பணத்திலும் ஒரு சிக்கல். வசதியுள்ளவர்கள் விலை கொடுத்தே வாங்கினார்கள், ஆனால் அந்த பெல்ஜியப் பணமான பிராங்க்கை நாட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கோதுமை வாங்க வழியில்லை. அதை உள்ளேயே ஏழைகளுக்கும் சம்பளங்களுக்கும் செலவிட்டு, கோதுமைக்குப் பெரும்பாலும் பிரிட்டிஷ், பிரெஞ்சு அரசுகளின் பணத்தை வெளியில் கட்டினார்கள். எல்லாருக்கும் இலவசம் என்று ஆரம்பித்திருந்தால் ஏழைக்குக் கொடுக்க உள்ளூர்ப் பணமே இருந்திருக்காது.

1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியதும் ஆணையத்தின் அமெரிக்கக் கண்காணிப்பாளர்கள் வெளியேற நேர்ந்தது. ஸ்பெயின்காரர்களும் டச்சுக்காரர்களும் அதே பேரேடுகளை வாங்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

இப்படிக்கு,
நிவாரணக் கிடங்குப் பணியாளர்கள் சிலர்,
தூத்துக்குடி.