கட்டுமான டெண்டரில் கூலியை ஏலம் விடக் கூடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பொதுப்பணி டெண்டர்களில் இன்ன கூலிக்குக் குறையக் கூடாது என்ற நிபந்தனை எதற்கு, ஒப்பந்ததாரரும் தொழிலாளியும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளட்டும், அரசுக்குப் பணம் மிச்சமாகும் என்ற வாதம் அவ்வப்போது தலைதூக்குகிறது. டெண்டருக்கு விலை போடும் கணக்கை அருகிலிருந்து பார்த்தால் இந்த வாதம் நிற்காது.

ஒரு கட்டடத்துக்கு விலை போடும்போது சிமென்ட், கம்பி, ஜல்லி, டீசல் எல்லாம் போட்டியில் இருக்கும் அனைவருக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான். இயந்திர வாடகையிலும் பெரிய வித்தியாசம் வராது. குறைந்த தொகை கேட்டவருக்கே வேலை என்ற விதியில் ஒருவர் மற்றவரைவிடக் கீழே இறங்க வேண்டுமானால், கைவைக்க எளிதான இடம் கூலிதான். நியாயமான கூலி போட்டுக் கணக்கிட்டவர் வேலையை இழக்கிறார். எப்படியும் மலிவாக ஆள் பிடித்துவிடலாம் என்று துணிந்தவருக்கு வேலை போகிறது. அடுத்த டெண்டரில் முதலாமவரும் அதே வழிக்கு வந்துவிடுகிறார். ஒவ்வொரு தொழிலுக்கும் இன்ன கூலி என்று முன்கூட்டியே அறிவித்து, அதற்குக் கீழே யாரும் கணக்குப் போடக் கூடாது என்று வைத்தால், பொருள் விரயத்தைக் குறைப்பதிலும் வேலையை ஒழுங்காகத் திட்டமிடுவதிலும்தான் போட்டி நடக்கும்.

இது புதிய யோசனையும் இல்லை. அரசு ஒப்பந்தம் எடுப்பவர்கள் அந்தத் தொழிலில் வழக்கமாக ஏற்கப்பட்ட கூலியைத் தர வேண்டும் என்று பிரிட்டனின் மக்களவை 1891-லேயே தீர்மானம் நிறைவேற்றியது. அமெரிக்காவில் 1931-ல் வந்த டேவிஸ்-பேகன் சட்டத்தின்படி, 2,000 டாலருக்கு மேற்பட்ட கூட்டரசுக் கட்டுமான ஒப்பந்தங்களில் அந்தப் பகுதியில் அந்தத் தொழிலுக்கு நிலவும் கூலியை இன்றும் தந்தாக வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 94-வது உடன்படிக்கை (1949) பொது ஒப்பந்தங்களுக்கு இதே கொள்கையைத்தான் சொல்கிறது. பிரிட்டன் 1983-ல் தன் தீர்மானத்தைக் கைவிட்டது உண்மைதான். அது ஓர் அரசியல் முடிவு. குறைந்த விலை டெண்டரில் கூலி நசுங்கும் என்ற கணக்கை அது மாற்றிவிடவில்லை.

குறைந்தபட்ச ஊதியத்துக்குச் சட்டம் இருக்கும்போது இன்னொரு அளவுகோல் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டும் வேறு வேறு. 1948-ல் இந்தியாவில் அமைக்கப்பட்ட நியாய ஊதியக் குழுவே குறைந்தபட்ச ஊதியம், நியாய ஊதியம், வாழ்வூதியம் என்று மூன்று படிகளைப் பிரித்துக் காட்டியது. முதல் படி, அதற்குக் கீழே யாரும் போகக் கூடாது என்பதற்கான தரைமட்டம். பல ஆண்டுகள் பழகிக் கை தேர்ந்த கம்பி வேலைக்காரருக்கும் கொத்தனாருக்கும் அந்தத் தரைமட்டத்தையே முழுக் கூலியாகக் காட்டுவதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

கைத்திறனுக்கு ஏன் தனிக் கூலி என்பதற்கு ஒரு பால்கனி போதும். சுவரிலிருந்து வெளியே நீளும் கான்கிரீட் பலகத்தில் (ஸ்லாப்) இழுவிசை மேற்பரப்பில் வரும். அதனால் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். 125 மி.மீ. தடிமன் பலகம் என்றால் அந்தக் கம்பியின் மையம் அடிப்பரப்பிலிருந்து சுமார் 100 மி.மீ. உயரத்தில் நிற்கும். அதை அந்த உயரத்தில் பிடித்து நிறுத்த, கீழே நாற்காலிக் கம்பிகளை வளைத்து நெருக்கமாக வைத்துக் கட்ட வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் நடக்கத் தனிப் பலகை போட வேண்டும். இதற்கெல்லாம் நேரமும் பழக்கமும் வேண்டும். டன்னுக்கு இவ்வளவு என்று அடிமாட்டு விலைக்குப் பேசிக் கொடுத்த வேலையில் முதலில் காணாமல் போவது நாற்காலிக் கம்பிதான். ஏனென்றால் எடை குறைவு, வளைக்கும் வேலை அதிகம். மிதிபட்டுக் கம்பி 25 மி.மீ. இறங்கினால் பலகத்தின் தாங்கும் திறனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போய்விடும். கான்கிரீட் மூடியபின் வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. சில ஆண்டுகள் கழித்து சுவரோரமாக மேற்பரப்பில் விரிசல் ஓடும்போதுதான் தெரியும்.

தூணிலும் இதே கதை. தூணின் செங்குத்துக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியின் நுனிக் கொக்கியை 135 டிகிரிக்கு வளைத்து உள்ளே செருகினால், நிலநடுக்கத்தில் மேல்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்தாலும் ரிங் பிரியாமல் தூணைப் பிடித்திருக்கும். 90 டிகிரியோடு விட்டால் திறந்துகொள்ளும். வளைப்பதற்கு ஆகும் கூடுதல் நேரம் ஒரு ரிங்குக்குச் சில நொடிகள்தான். ஒரு மாடிக்கு ஆயிரக்கணக்கான ரிங் என்னும்போது, அந்த நொடிகளுக்கும் சேர்த்துக் கூலி பேசியிருக்க வேண்டும்.

ஆள் குறைந்த வேலைத்தளத்தில் கான்கிரீட் கலவையில் தண்ணீரும் கூடும். தண்ணீருக்கும் சிமென்டுக்கும் உள்ள எடை விகிதம் 0.45, அதாவது 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 22.5 லிட்டர் தண்ணீர் என்று வடிவமைத்த கலவையில், தள்ளிவிடச் சுலபமாக இருக்கட்டும் என்று மூட்டைக்கு 5 லிட்டர் கூட்டினால் விகிதம் 0.55 ஆகிவிடும். வலிமை சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும். கெட்டியான கலவையை வைப்ரேட்டரால் அடர்த்தியாக்கத் தெரிந்தவர் அதன் அதிரும் ஊசியைச் செங்குத்தாக இறக்கி, காற்றுக் குமிழ் வருவது நின்றபின் மெதுவாக வெளியே எடுப்பார். தெரியாதவர் அதைக் கிடைமட்டமாக இழுத்துக் கலவையை நகர்த்தப் பயன்படுத்துவார். ஜல்லி ஒரு பக்கம், சாந்து ஒரு பக்கம் பிரிந்து, அச்சுப் பலகையைக் கழற்றும்போது தேன்கூடு போல ஓட்டைகள் தெரியும். அப்புறம் சாரம் கட்டி, கொத்தி எடுத்து, சீர்செய்யும் கலவை வைத்து, மறுபடி தண்ணீர் விட்டு ஈரமாக வைத்து ஆற்ற வேண்டும். கூலியில் மிச்சம் பிடித்தது இப்படியே கரையும். பல இடங்களில் கொத்தி எடுப்பதுகூட நடப்பதில்லை. மேலே சிமென்ட் பூசி மறைத்துவிடுகிறார்கள்.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். மொத்தச் செலவில் கூலி நான்கில் ஒரு பங்கு, அதில் பாதி கைத்திறன் தொழிலாளர்களுடையது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் கூலியை 20 சதவீதம் உயர்த்தினால் கட்டடத்தின் மொத்தச் செலவு 2.5 சதவீதம் கூடும். அரசுப் பணத்தைக் காப்பாற்றும் பெயரில் வெட்டச் சொல்வது இந்த 2.5-ஐத்தான்.

நிபந்தனையைக் காகிதத்தில் எழுதிவிட்டு ஒதுங்கினால் பயனில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏய்ப்பு நடக்கும் வழிகள் எல்லாத் தளத்திலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கம்பி கட்டுபவரைப் பதிவேட்டில் உதவியாள் என்று எழுதி உதவியாள் கூலி கொடுப்பது முதல் வழி. 12 மணி நேரம் வேலை வாங்கிவிட்டு ஒரு நாள் கூலி தருவது இன்னொன்று. 8 மணி நேரத்துக்கு மேல் இரட்டைக் கூலி என்ற கணக்கில் அவருக்குச் சேர வேண்டியது 16 மணி நேரக் கூலி. கைக்கு வருவது அதில் பாதி. தங்குமிடம், கருவி, முன்பணம் என்று கணக்குக் காட்டாமல் பிடித்துக்கொள்வதும் உண்டு. எல்லாவற்றிலும் மோசமானது, வங்கியில் முழுக் கூலியும் போட்டுவிட்டு, ஒரு பகுதியை மேஸ்திரி மூலம் ரொக்கமாகத் திருப்பி வாங்குவது. பதிவேட்டைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

இவற்றைப் பிடிக்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. முடிந்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தையும் ஊதியப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி வெளிவரும். ஒரு வாரத்தில் 20 டன் கம்பி கட்டியதாகப் பில் போட்டுவிட்டு, அதே வாரம் இரண்டே கம்பி வேலைக்காரர்களைக் காட்டினால், கையால் வளைத்துக் கட்டும் தளத்தில் அது நடக்காத காரியம். மீதிப் பேர் உதவியாள் பட்டியலில்தான் இருப்பார்கள். தொழிலைப் பெயர்ப் பட்டியலை வைத்து முடிவு செய்யாமல், அன்று கையில் எந்தக் கருவி இருந்தது, என்ன வேலை செய்தார் என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும். திருப்பி வாங்கும் பணத்தைப் பிடிக்க, மேஸ்திரியும் ஒப்பந்ததாரரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில், தொழிலாளியின் தாய்மொழியிலேயே பேசிக் கேட்பதுதான் வழி.

டெண்டர் ஆவணத்தில் தொழில்வாரிக் கூலிப் பட்டியல் இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் கள ஆய்விலிருந்து வர வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். பழைய ஆய்வை வைத்து ஓட்டினால் நியாயக் கூலி என்ற பெயரில் சந்தையைவிடக் குறைந்த கூலியை நாமே சட்டமாக்கிவிடுவோம். நீண்ட கால ஒப்பந்தமானால் விலை திருத்தத்தில் சிமென்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடம் கூலிக்கும் வேண்டும். துணை ஒப்பந்தம் எத்தனை அடுக்கு இறங்கினாலும், தராமல் விட்ட கூலிக்கு முதன்மை ஒப்பந்ததாரரே பொறுப்பு என்று எழுத வேண்டும். இது இல்லாவிட்டால் கடைசி அடுக்கில் இருப்பவர் தொலைபேசியை அணைத்துவிட்டுப் போய்விடுவார், தொழிலாளி யாரைத் தேடுவார்? பயிற்சியில் இருப்பவருக்குக் குறைந்த கூலி தரலாம். ஆனால் அவர் பதிவு செய்த பயிற்சியாளராகவும், பக்கத்தில் தேர்ந்தவர் ஒருவர் இருப்பவராகவும் இருக்க வேண்டும். தேர்ந்தவர் ஒருவருக்கு இத்தனை பயிற்சியாளர் என்று ஒரு விகிதம் வகுக்காவிட்டால் தளம் முழுக்கப் பயிற்சியாளர்களாகவே இருப்பார்கள்.

சிறு ஒப்பந்ததாரர்கள் எழுத்து வேலை கூடும் என்று தயங்குவதில் நியாயம் இருக்கிறது. பெயர், தொழில், மணி நேரம், கூலி விகிதம், பிடித்தம், கையில் கொடுத்தது என்று ஆறு கட்டங்கள் உள்ள ஒரே படிவத்தை வாரந்தோறும் கேட்டால் போதும். பத்து வகை அறிக்கைகள் வேண்டாம். அந்தப் படிவம் வராத வாரத்துக்கான பில் தொகையில் கூலிப் பகுதியை மட்டும் நிறுத்தி வைத்து, நிலுவை இருந்தால் அதிலிருந்து தொழிலாளிக்கு நேரடியாகக் கொடுக்கும் அதிகாரம் பொறியாளருக்கு வேண்டும். கூலிப் பட்டியலையும் புகார் சொல்ல வேண்டிய எண்ணையும் தளத்து வாசலிலேயே, அங்கே வேலை செய்பவர்கள் படிக்கும் மொழிகளில் ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கட்டடப் பொறியாளர்