சவாய் விருந்துக்கு வருமுன்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. மகளுக்கு வேலை உறுதியானதில் எங்கள் எல்லாருக்கும் மகிழ்ச்சி. நவம்பரில் நீயும் மல்லிகாவும் லண்டன் வருகிறீர்கள், அதுவும் சவாய் ஓட்டலில் விருந்து என்றால் சும்மாவா! 1889-இல் திறந்த ஓட்டல் அது. புகழ்பெற்ற பிரெஞ்சு சமையல்காரர் எஸ்கோஃபியே சமையலறையை ஆண்ட இடம்.

நீ முதலில் கவனிக்க வேண்டியது சாப்பாடு. அழைப்புக்குப் பதில் போடும்போதே சைவம் என்று தெரிவித்துவிடு. வெஜிடேரியன் என்று மட்டும் எழுதினால் முட்டை வரலாம். முட்டை, மீன், ஜெலட்டின், ரென்னெட் எதுவும் ஆகாது என்று தனித்தனியாக எழுது. ஜெலட்டின் மாடு, பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது; மூஸ், பன்னா கோட்டா மாதிரி இனிப்புகளில் கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. பார்மசான் சீஸை உறையவைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து வரும் ரென்னெட். நூற்றுக்கணக்கான தட்டுகள் ஒரே நேரத்தில் வெளியேற வேண்டிய சமையலறையில், உட்கார்ந்த பிறகு சொன்னால் உன் தட்டு வருவதற்குள் மற்றவர்கள் முடித்திருப்பார்கள்.

அழைப்பிதழில் '7.00 ஃபார் 7.30' என்றிருந்தால் ஏழு மணிக்கு வரவேற்பு, ஏழரைக்குப் பந்தி. ஏழரைக்கு வாசலில் இறங்கினால் தாமதம்தான். 'கேரேஜஸ்' என்று போட்டிருக்கும் நேரம் விருந்து முடியும் நேரம். திரும்பும் டாக்சியை அதற்குச் சொல்லிவை.

உடுப்பு பிளாக் டை. கறுப்பு டின்னர் ஜாக்கெட், பக்கவாட்டில் பட்டுப்பட்டை ஓடும் பேன்ட், வெள்ளைச் சட்டை, கறுப்பு போ டை, பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. பெல்ட் கூடாது, தோளில் மாட்டும் பிரேசஸ்தான். ஜாக்கெட் கைக்கு வெளியே சட்டைக் கை ஒரு சென்டிமீட்டர் தெரியணும். வாடகை ஜாக்கெட்டில் பெரும்பாலும் கெடுவது இந்த அளவுதான். வெள்ளை போ டை கட்டிவிடாதே. அது வால்கோட்டோடு போகும் வேறு உடுப்பு. மல்லிகாவுக்குப் பட்டுச்சேலையே போதும், அதற்கு மேல் எந்த கவுனும் இல்லை.

வட்ட மேசையில் நெருக்கி உட்கார வைப்பார்கள். உன் ரொட்டித் தட்டு இடப்பக்கம், கிளாஸ்கள் வலப்பக்கம். ஒருவர் வலப்பக்கத்து ரொட்டியை எடுத்துவிட்டால் அடுத்தவருக்குத் தட்டில்லை, அந்தக் குழப்பம் மேசை முழுக்கச் சுற்றும். ஃபோர்க், கத்திகளை வெளியிலிருந்து உள்ளே எடுத்துக்கொண்டே போ. சாப்பிட்டு முடித்ததும் இரண்டையும் சேர்த்துத் தட்டில் வை. விலக்கி வைத்தால் இன்னும் முடிக்கவில்லை என்று பொருள், தட்டை எடுக்கமாட்டார்கள். போர்ட் என்ற இனிப்பு வைன் புட்டி கைமாறி உன்னிடம் வந்தால் குடிக்காவிட்டாலும் இடப்பக்கம் நகர்த்திவிடு, உன்னிடமே நிற்கக்கூடாது. மன்னருக்கு டோஸ்ட், அதாவது கிளாஸை உயர்த்தி வாழ்த்து, சொன்னால் எழுந்து நில்; கையில் தண்ணீர் இருந்தாலும் போதும்.

அந்த ஓட்டலில் இருக்கும் காஸ்பர் என்ற மரப்பூனையைக் கட்டாயம் பார்த்துவிட்டு வா. 1898-இல் சவாயில் மொத்தம் பதின்மூன்று பேராக உட்கார்ந்து விருந்துண்ட தொழிலதிபர் ஊல்ஃப் ஜோயல், சில வாரங்களில் ஜோகன்னஸ்பர்க்கில் சுடப்பட்டு இறந்தார். பதின்மூன்று என்ற எண் ஆகாது என்ற பயம் அங்கே நிலைத்துவிட்டது. 1920-களில் கட்டடக் கலைஞர் பேசில் அயோனிடிஸ் வடித்த இந்தக் கறுப்பு மரப்பூனை, பதின்மூன்று பேர் மேசையில் பதினான்காவது நாற்காலியில் உட்காரும். கழுத்தில் நாப்கின் கட்டி, மனிதருக்குப் போலவே ஒவ்வொரு வகையாக அதற்கும் பரிமாறுவார்கள். மரபை இவ்வளவு மரியாதையோடு காப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

மார்பு, இடுப்பு, தோளிலிருந்து மணிக்கட்டு, கழுத்து, கால் உள்நீளம், ஷூ அளவு எல்லாம் சென்டிமீட்டரில் எழுதி அனுப்பு. இங்கே வாடகைக் கடையில் சொல்லிவைக்கிறேன். விருந்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்து போட்டுப் பார்த்துவிடு.

அன்புடன்,
ராகவன்