வில் ஷூஸ்டெரிக்கை ஏன் நீக்கினாய்? டிஸ்க் கோல்ஃப் பட்டியல் போட்ட தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

டிஸ்க் கோல்ஃபில், அதாவது தட்டை எறிந்து குறைந்த வீச்சில் சங்கிலிக் கூடைக்குள் விழ வைக்கும் ஆட்டத்தில், எல்லாக் காலத்துக்குமான பத்துப் பேர் என்று நீ போட்ட பட்டியலைப் படித்தேன். உலகப் பட்டம் வாங்காத யாருக்கும் அதில் இடமில்லை என்று ஒரு விதி வைத்திருக்கிறாய். அந்த ஒரே காரணத்தால் அமெரிக்க வீரர் வில் ஷூஸ்டெரிக் வெளியே போய்விட்டார். அந்த விதி சரியில்லை. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். உன்னைப் போலவே நானும் வயதுக் கட்டுப்பாடு இல்லாத முதன்மைப் பிரிவான ஓப்பன் பிரிவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் வாசல் எவ்வளவு குறுகல் என்று பார். பிடிஜிஏ என்ற தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தின் உலகப் போட்டி 1982-இல் தொடங்கியது. 1990 முதல் 2002 வரை 13 ஆண்டுகளில் 11 பட்டம் கென் கிளைமோ ஒருவருக்கே போயிற்று. இடையில் 1999-இல் ரான் ரஸ்ஸல், 2001-இல் கேமரன் டாட். 2006-இல் கிளைமோ இன்னொன்றும் வாங்கி 12 ஆக்கினார். அடுத்து 2012 முதல் 2022 வரை பார். 2020-இல் கொரோனாவால் போட்டி நடக்கவில்லை. மீதமுள்ள 10 பட்டங்களில் பால் மெக்பெத்துக்கு 6, ரிக்கி வைசாக்கிக்கு 2, கிரெக் பார்ஸ்பிக்கும் ஜேம்ஸ் கான்ராடுக்கும் ஆளுக்கு ஒன்று. இந்த இரண்டு காலங்களில் ஒருவர் உச்சத்தில் இருந்திருந்தால், எவ்வளவு நன்றாக ஆடியிருந்தாலும் அவர் முன்னால் ஒரு சுவர் நின்றது.

இன்னொரு கணக்கு. வீரரின் திறனை அளக்கும் பிடிஜிஏ ரேட்டிங்கில் 10 புள்ளி என்றால், வழக்கமான 18 குழித் திடலில் (இங்கே குழி என்றால் ஒரு கூடை வரையிலான பாதை) சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு வீச்சு. 1050 உள்ளவர் 1040 உள்ளவரைவிடச் சுற்றுக்கு ஒரு வீச்சு குறைவாக முடிப்பார், 5 சுற்றுக்கு 5 வீச்சு குறைவாக. ஆனால் எந்த வீரருக்கும் ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் இரண்டு மூன்று வீச்சு ஏறி இறங்குவது சாதாரணம். ஐந்து சுற்றையும் கூட்டினால் அந்த ஏற்ற இறக்கமே ஐந்தாறு வீச்சு வந்துவிடும். அதாவது சிறந்தவருக்கு இருக்கும் அனுகூலமும் ஒரு வாரத்தின் அதிர்ஷ்டமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அதே வாரத்தில் பதினைந்து இருபது பேர் அந்த உயரத்தில் நிற்கிறார்கள் என்றால், உலகத்திலேயே முதல் ஆளாக இருப்பவர்கூடப் பல ஆண்டு வெறுங்கையோடு திரும்பலாம். கிளைமோவும் மெக்பெத்தும் அதையும் மீறி வாங்கிக் குவித்தார்கள் என்பது அவர்களுடைய பெருமை. அதை வைத்து மற்றவர்களைச் சிறியவர்களாக்க முடியாது.

இப்போது ஷூஸ்டெரிக்குக்கு வருகிறேன். அமெரிக்காவின் தேசியப் போட்டி, தென் கரோலினாவின் ராக் ஹில் நகரில், வின்த்ராப் பல்கலைக்கழக வளாகத்தில் 1999 முதல் நடக்கிறது. அதை அவர் 2010, 2012, 2014 என்று மூன்று முறை வென்றார். முதல் முறை வென்றபோது இருபது வயதுகூட ஆகவில்லை. அந்தத் திடலைப் பார்த்தால்தான் இதன் எடை புரியும். பாதையின் இருபுறமும் கயிறு கட்டியிருப்பார்கள். கயிற்றைத் தாண்டினால் ஓபி, அதாவது எல்லைக்கு வெளியே; ஒரு தண்டனை வீச்சு. 17-ஆம் குழியில் கூடையைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்கித் தீவு போல வைத்திருப்பார்கள். கிட்டத்து வீச்சுக்கான டிஸ்க்கான புட்டரை வைத்தே எட்டிவிடும் தூரம்தான். ஆனால் வெளியே விழுந்தால் தண்டனையோடு மறுபடி எறிய வேண்டும். முந்தின மூன்று நாளின் முன்னிலை அங்கே ஒரே நிமிடத்தில் கரைந்துவிடும். மூன்று தடவை அங்கே கடைசி வரை கை நடுங்காமல் ஆடியவர் அவர். அவர் உச்சத்தில் இருந்த அதே 2012, 2013, 2014-இல்தான் மெக்பெத் வரிசையாக உலகப் பட்டங்களை வாங்கிக்கொண்டிருந்தார். அதற்காக அவரை எப்படி வெளியே வைப்பாய்?

அவருடைய பேக்ஹேண்டை, அதாவது கையை உடலுக்குக் குறுக்கே இழுத்து எறியும் வீச்சை, வீடியோவில் மெதுவாக ஓட்டிப் பார். முன்கால் தரையில் ஊன்றிய பிறகுதான் கை இழுக்கத் தொடங்கும். நம்மில் பெரும்பாலோர் கால் ஊன்றுவதற்கு முன்பே கையை இழுத்துவிடுகிறோம். அப்போது இடுப்பு திரும்பியும் அந்த வேகம் கைக்குப் போய்ச் சேராது, டிஸ்க் மூக்கை (முன் விளிம்பை) தூக்கிக்கொண்டு கிளம்பி, உயரம் போய் இடப்பக்கம் சரிந்துவிடும். தூரம் வரவில்லை என்று எழுதியிருந்தாயே, பெரும்பாலும் காரணம் இதுதான்.

டென்னசிக்காரரான கிறிஸ் டிக்கர்சனையும் நீ மறந்துவிட்டாய். 2020-இல் ராக் ஹில்லில் வென்றார். 2022-இல் ஜார்ஜியாவின் ஆப்லிங்கில் நடந்த முதல் சாம்பியன்ஸ் கப்பையும் வாங்கினார். ஒன்று கயிறு கட்டிய திறந்த வெளி, மற்றது மரம் அடர்ந்த காடு. இரண்டு வகைத் திடலிலும் பெரிய பட்டம் வாங்குவது வேறு வேறு திறமை. காட்டில் டிஸ்க்கை நேராக, தாழ்வாக, ஒரே உயரத்தில் அனுப்பத் தெரிய வேண்டும். வெளியில் காற்றைப் படிக்கத் தெரிய வேண்டும். ஃப்ளோரிடாவின் கால்வின் ஹைம்பர்க் 1040-க்கு மேல் ரேட்டிங் தொட்டவர், வாரா வாரம் மேலேயே நின்றவர். கொலராடோவின் ஈகிள் மெக்மேனுக்குத் தோள் காயம் சில சீசன்களைக் குலைத்தது. இவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே பெயரோடு நிறுத்துகிறேன்.

தூரம் எறிபவர்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் உன் ஆசை அங்கேதான் இருக்கிறது. ஸ்காட் ஸ்டோக்லி 1998-இல் 211 மீட்டர். ஸ்வீடனின் கிறிஸ்டியன் சான்ட்ஸ்ட்ரோம் 2002-இல் 250. ஜெர்மனியின் சைமன் லிசாட் 2014-இல் 263.2. டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் 2016-இல் நெவாடாவின் பிரிம்மில் 338. நால்வரும் உலக சாதனை படைத்தவர்கள். நால்வரில் ஒருவர்கூட ஓப்பன் உலகப் பட்டம் வாங்கவில்லை. சாதனை எறிதல் பெரும்பாலும் பாலைவனத்தில், பின்காற்றில், டிஸ்க்கை உயரத்தில் ஏற்றி, வலப்பக்கம் திருப்பி, மிதக்கவிடும் வேலை. போட்டியில் 5 பாகை கோணம் தவறினால் 75 மீட்டரில் ஆறரை மீட்டர்தான் விலகும், கூடையைச் சுற்றிய 10 மீட்டர் வட்டத்துக்குள்ளேயே கிடக்கும். அதே தவறு 150 மீட்டரில் 13 மீட்டர் ஆகிவிடும். இவர்களில் லிசாட்டை நான் இதை வைத்து மட்டும் அளக்கமாட்டேன். அவர் ஐரோப்பிய சாம்பியன், தலைக்கு மேல் எறிவதிலும் உருட்டி விடுவதிலும் அவர் கைக்கு இணை குறைவு. பத்தில் வராவிட்டாலும் இருபதுக்குள் கட்டாயம் வருவார்.

பட்டங்கள் கைநழுவுவது பெரும்பாலும் அந்தப் பத்து மீட்டருக்குள்தான். டிஸ்க் விழுந்த இடத்தைக் காட்டும் மார்க்கருக்குப் பின்னால் 20 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் நீளம் உள்ள இடத்தில் கால் ஊன்றி, 30 விநாடிக்குள் எறிய வேண்டும். எறிந்த பிறகு சமநிலை காட்டாமல் முன்னே அடி வைக்கக் கூடாது. பத்தரை மீட்டரில் அந்தக் கடைசிக் கட்டுப்பாடு இல்லை, எறிந்த வேகத்திலேயே முன்னே அடி வைக்கலாம். அதனால் ஒன்பதரை மீட்டர் சிலருக்குப் பத்தரையைவிடக் கடினம். மேல்தட்டு வீரர்கள் இந்த வட்டத்துக்குள் பத்தில் எட்டு ஒன்பது போடுவார்கள். கடைசி நாளில் தவறும் அந்த ஒன்றிரண்டுதான் கோப்பை.

காற்று என்ன செய்கிறது என்றால், எதிர்க்காற்றில் மூக்கு சற்றே தூக்கியிருந்தாலும் அடியில் காற்றுப் புகுந்து டிஸ்க் கூடையின் மேல்பட்டைக்கு (சங்கிலிகள் தொங்கும் வளையத்துக்கு) மேலே பறந்துவிடும். பின்காற்றில் அது தொய்ந்து கூடையின் விளிம்பில் மோதும். வலக்கைக்காரர் இடது ஓரம் தாழ்த்தி எறிந்தால், வலப்புறக் காற்று அடிப்பக்கத்தில் பட்டுத் தூக்கி இடப்பக்கம் தள்ளும். இடப்புறக் காற்று மேற்பக்கத்தில் அடித்து அமுக்கும். எதிர்க்காற்றில் மூக்கைத் தாழ்த்தி, சுழற்சியைக் கூட்டி, சங்கிலியின் கீழ்ப்பாதியைக் குறி வை. பின்காற்றில் மேல்பட்டைக்குச் சற்றுக் கீழே.

ஒன்றை யோசித்துப் பார். 2021-இல் யூட்டாவின் ஆக்டனில் கடைசிக் குழி. மெக்பெத் ஒரு வீச்சு முன்னிலை. கான்ராட் 75 மீட்டர் தள்ளி நின்று, ஒரு புட்டரை எறிந்து நேராகக் கூடைக்குள் போட்டார். ஆட்டம் சமன், சமனை உடைக்கும் பிளே-ஆஃபில் பட்டம் கான்ராடுக்கு. அந்த டிஸ்க் ஒரு சாண் தள்ளிப் போயிருந்தால் உன் விதிப்படி அவரும் இன்று வெளியேதான் நின்றிருப்பார். 2019-இல் ராக் ஹில்லில் வென்றவர் என்பதை நீ கணக்கில் எடுத்திருக்கவே மாட்டாய்.

பட்டியலைத் திருத்தும்போது உலகப் பட்டத்தோடு மற்ற மேஜர் பட்டங்களையும் (ராக் ஹில், சாம்பியன்ஸ் கப் போன்ற முதல்நிலைப் போட்டிகள்), குறைந்தது ஐந்து ஆண்டு ரேட்டிங்கையும், யாருடைய காலத்தில் ஆடினார் என்பதையும் சேர்த்துப் போடு. என் கணக்கில் ஷூஸ்டெரிக் எட்டாம் இடம், டிக்கர்சன் பத்துக்குப் பக்கத்தில். நீ வேறு மாதிரி வைத்தால் காரணத்தோடு எழுது.

கூடவே ஒரு வேலை. 5, 7, 9 மீட்டரில் இருந்து கூடையை நோக்கி இருபது இருபது புட் (கிட்டத்து வீச்சு) போடு. எதிர்க்காற்றில் ஒரு தடவை, பின்காற்றில் ஒரு தடவை. தவறியவை மேலே போனதா, கீழே மோதியதா, இடமா, வலமா என்று குறித்துக்கொள். அடுத்த கடிதத்தில் அந்த எண்களை அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்