பதினாறு கமராவும் ஒரு வாச்சரும்

திருகோணமலை

மச்சான் மோகன்,

கனகாலம் பதில் போடவில்லை, அதற்காக ஏசாதே. இங்கே எல்லாரும் சுகம். ராணி அக்காவின் மகளுக்குக் கலியாணம் ஒப்பேறிவிட்டது. படங்கள் பிறகு வரும். உன் முழங்கால் எப்படி? பனியில் ஓடாதே என்றால் கேட்கிற ஆளா நீ, அலஸ்தோட்டத்திலேயே கேட்காதவன்.

இனி அவசரமான விசயம். நம் பள்ளிக் காவலாளி கந்தையா அண்ணை பென்சன் எடுத்துவிட்டார். பதில் ஆளுக்கு மேலிடத்துக்குக் கடிதம் போயிருக்கிறது, வெற்றிடம் எப்போது நிரம்பும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. இந்த நேரத்தில்தான் நம் பழைய மாணவர் சங்கத்தின் உங்கள் ரொறொன்ரோக் கிளை பள்ளிப் பாதுகாப்புக்குப் பணம் தரும் தீர்மானம் வந்து சேர்ந்தது: பதினாறு கமரா, ஒரு ரெக்கோடர், அதிபர் அறையில் ஒரு பெரிய திரை. பள்ளி அபிவிருத்திக் குழுவில் எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. எனக்குக் கவலை பிடித்தது. செயலாளர் நீ என்பதால் உன்னிடமே கேட்கிறேன்: அந்தக் காசை ஆளில் போடுங்கள்.

கமராக் கணக்கை முதலில் பார். விநாடிக்கு 2 மெகாபிட் என்று குறைத்துப் பிடித்தாலும், ஓயாமல் பதியும் ஒரு கமராவுக்கு ஒரு நாளில் 21 கிகாபைட்டுக்கு மேல் வேண்டும். பதினாறுக்கும் 345. உங்கள் பட்டியலில் உள்ள 4 டெராபைட் வட்டு பன்னிரண்டு நாளுக்குள் நிரம்பி, பழையதை அழித்து எழுதத் தொடங்கிவிடும். ஒரு பிள்ளை தனக்கு நடந்ததை வீட்டில் வாய் திறந்து சொல்ல இரண்டு கிழமையும் எடுக்கும், ஒரு தவணையும் எடுக்கும். அதற்குள் படம் போய்விடும். பிறகு நம் கடற்காற்று. வெளியே பூட்டும் கமராக்களின் இணைப்பு முனைகளில் உப்புப் பிடித்துப் பச்சை பூக்கும். மூட்டுகளைத் தண்ணீர் புகாத பெட்டிக்குள் வைத்தாலும் மாதம் ஒருமுறை திறந்து துடைக்க ஆள் வேண்டும். எல்லாம் சரியாக ஓடினாலும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கப் போவது யார்? அதிபருக்கு நேரம் இல்லை, லிகிதருக்குச் சம்பளப் பட்டியல். கமராவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு போதும். ஒன்று பெரிய கேற்றில், தலைக்கு மேலே கம்பத்து உச்சியில் வைக்காமல் முகம் தெரிகிற உயரத்தில். மற்றது கணினி அறை வாசலில். இரண்டுக்கும் அதே வட்டு மூன்று மாதம் தாங்கும்.

இப்போது ஆள் கணக்கு. ஒரு கேற்றில் இரவு பகல் ஒருவர் நிற்க வேண்டுமென்றால் கிழமைக்கு 168 மணித்தியாலம். ஒருவருக்கு 45 மணித்தியால வேலை என்றால் 3.7 பேர் வருகிறது. லீவு, காய்ச்சல், கோயில் திருவிழா எல்லாம் சேர்த்தால் நாலு பேருக்குக் குறைய முடியாது. ஆளணிப் பட்டியலில் 'காவலாளி – 1' என்று இருப்பது கேற்றுக்குக் கால்வாசி ஆள் என்றுதான் அர்த்தம். அந்தக் கால்வாசியையும் நாங்கள் ஒழுங்காக விட்டோமா? வலயக் கல்விக் கந்தோருக்குக் கோப்பு கொண்டுபோக கந்தையா அண்ணை, மண்டபத்தில் கதிரை அடுக்க கந்தையா அண்ணை, விருந்தினருக்குத் தேத்தண்ணி வாங்க கந்தையா அண்ணை. ஒவ்வொரு முறையும் கேற் வெறுமையாகக் கிடந்தது. அவருடைய குணத்தால் ஒரு குறையும் வராமல் போனது. அடுத்தவரும் அப்படி இருப்பார் என்று நம்பி ஆயிரத்து இருநூறு பிள்ளைகளை விட முடியாது.

நான் குழுவில் வைக்கப்போகும் திட்டம் இது. பகலுக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் கட்டாயம் பெண். ஒருவர் காலை 6.30 முதல் 2.30 வரை, மற்றவர் 9.30 முதல் 5.30 வரை, ஏனென்றால் பிற்பகல் கிரிக்கெட்டும் மேலதிக வகுப்பும் முடிய ஐந்தரை ஆகும். ஒருவர் சாப்பிடவோ மலசலகூடம் போகவோ மற்றவர் நிற்பார், 1.30க்குப் பள்ளி விடும்போது இருவரும் இருப்பார்கள். இரவுக்கு இரண்டு பேர் மாறி மாறி. பின் கேற் 6.45 முதல் 7.30 வரையும், விடும்போது முக்கால் மணித்தியாலமும் மட்டும் திறக்கும், அங்கே ஒரு ஆசிரியர் நிற்பார். ஆசிரியர் பட்டியலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

காவல் கொம்பனியிடம் ஆள் எடுப்போம் என்று சிலர் சொல்கிறார்கள். கொம்பனி பன்னிரண்டு மணித்தியால முறையில் ஆள் தரும், முகம் அடிக்கடி மாறும். பள்ளிக் கேற்றில் நிற்பவருக்கு வேண்டியது உடற்பலத்தைவிட முகப்பழக்கம். எந்தப் பிள்ளையை யார் கூட்டிப்போக வருவார், எந்த ஓட்டோ எந்த வகுப்புக்கு, எந்தப் பொடியன் மூன்று நாளாகப் பிந்தி வருகிறான் என்று தெரிந்த ஆள் வேண்டும். அது பழக ஒரு தவணை எடுக்கும். கொம்பனிதான் என்றால் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்: வருடம் முழுக்க அதே ஆட்கள், மாற்றுவதென்றால் பள்ளியின் சம்மதத்தோடு. குழுவே நேரடியாக எடுத்தால் பொலிஸ் நற்சான்றும் கிராம உத்தியோகத்தர் சான்றும் வாங்காமல் ஒருவரையும் உள்ளே விடக்கூடாது. சம்பளத்துக்கு மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் ஒதுக்க வேண்டும். இதைக் கணக்கில் சேர்க்காமல் தொடங்கினால் நடுவருடத்தில் காசு முடிந்துவிடும். அதனால்தான் உங்கள் பணத்தை மூன்று வருடத்துக்குப் பிரித்துத் தரக் கேட்கிறேன். ஒரு வருடம் கொடுத்துவிட்டு நிறுத்தினால் பிள்ளைகளும் பெற்றாரும் ஆளை நம்பிப் பழகிய நேரத்தில் கேற் மறுபடி வெறுமையாகும்.

அந்த ஆள் என்ன செய்ய வேண்டும்? வருகைப் புத்தகத்தில் பெயர், அடையாள அட்டை இலக்கம், யாரைப் பார்க்க, வந்த நேரம் எல்லாம் எழுதுகிறார்கள். 'போன நேரம்' என்ற கட்டம் எந்தப் பள்ளியில் பார்த்தாலும் காலி. உள்ளே வந்தவர் இன்னும் உள்ளேதானா என்று அந்தப் புத்தகத்தால் சொல்ல முடியாது. அதற்கு எளிய வழி இலக்கமிட்ட அட்டை. பத்து அட்டை, ஆணி அடித்த பலகை. ஒரு ஆணி வெறுமையென்றால் ஒரு வெளியாள் உள்ளே. பள்ளி விடும்போது பலகையைப் பார்த்தால் போதும்.

இடையில் பிள்ளையைக் கூட்டிப்போக வருபவர்கள்தான் பெரிய சிக்கல். தாய் குவைத்தில், தகப்பன் வேறிடத்தில், பிள்ளை அம்மம்மாவோடு. இப்படி எத்தனை பிள்ளைகள் என்று உனக்குத் தெரியும். "மாமா வந்திருக்கிறேன், அம்மம்மாவுக்குச் சுகமில்லை" என்று ஒருவர் வந்து நின்றால் காவலாளி என்ன செய்வார்? வருடத் தொடக்கத்திலேயே வகுப்பாசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பெயர், இரண்டு தொலைபேசி இலக்கம் எழுதி வாங்கி, ஒரு பிரதியைக் கந்தோரில் வைக்க வேண்டும். வந்தவர் தருகிற இலக்கத்துக்கு எடுக்கக்கூடாது. கோப்பில் உள்ள இலக்கத்துக்கே எடுக்க வேண்டும். பிள்ளையிடம் "இவரைத் தெரியுமா" என்று அந்த ஆளுக்கு முன்னால் கேட்கவும் கூடாது, பயத்தில் தலையாட்டிவிடும்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பள்ளிகளில் நடந்ததை மறந்திருக்க மாட்டாய், நீயும் தினமும் எடுத்துக் கேட்டாயே. மே 6ஆம் திகதி ஆறாம் தரத்துக்கு மேல் திறந்தார்கள், வந்த பிள்ளைகள் கொஞ்சம். பை சோதிக்கப் பெற்றாரை முறை போட்டார்கள். ஒரு பைக்குப் பத்து விநாடி என்றாலே 1,200 பைக்கு 200 நிமிடம். காலையில் இருப்பது 45 நிமிடம். ஐந்து மேசை, ஐந்து சோடி ஆட்கள் இல்லாமல் அது ஓடாது. இருந்ததோ ஒரு மேசை. பிள்ளைகள் வீதியில் கூட்டமாக நின்றார்கள். எந்த ஆபத்துக்குப் பயந்தோமோ அதற்கு அந்தக் கூட்டத்தையே காட்டிக்கொடுத்தோம். கூலிவேலைத் தகப்பன்மார் வர முடியாது, அதே சில தாய்மார்தான் வந்தார்கள், களைத்து நின்றுபோனது. செய்து முடிக்க முடியாத காவலைத் தொடங்காமலே விடலாம்.

சீருடையும் துவக்கும் கேற்றில் நின்றால் பாதுகாப்பு என்று உங்கள் கூட்டத்தில் ஒருவர் பேசியதாக எழுதியிருந்தாய். அவருக்கு நீயே சொல். உங்கள் ரொறொன்ரோவிலேயே 2007 மே 23இல் ஒரு பதினைந்து வயதுப் பொடியன் பள்ளிக்குள் சுடப்பட்டு இறந்தபின், 2008இல் பள்ளிகளுக்குள் பொலிசை விட்டார்கள். 2017 நவம்பரில் அங்குள்ள கல்விச் சபை வாக்கெடுத்து அதை நிறுத்தியது. சில பிள்ளைகள் பள்ளிக்கு வரவே கூசினார்கள் என்பது ஒரு காரணம். ரெக்சாசில் யுவால்டி என்ற ஊரில் 2022 மே 24இல் துவக்கோடு ஒருவன் பள்ளிக்குள் புகுந்தபோது 376 பொலிசார் வந்து சேர்ந்தார்கள். வகுப்பறைக்குள் போக 77 நிமிடம் ஆனது. பத்தொன்பது பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களும் போய்விட்டார்கள். யார் கட்டளை இடுவது என்று தெளிவில்லை. வெளிக்கதவு ஒன்று சாத்தியும் பூட்டு விழவில்லை. நம் ஊரில் இதற்கு இன்னொரு கனமும் உண்டு. 2006 ஜனவரி 2இல் காந்தி சிலையடியில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை இங்கே எந்தத் தாய் மறந்தாள்? துவக்கைக் கண்டு நிம்மதி அடைகிற ஊர் இது இல்லை, மோகன்.

அதிபர் கூட்டத்துக்குப் போயிருக்கும் நாளில் முடிவெடுப்பது யார்? பிரதி அதிபர், அவர் இல்லாவிட்டால் பகுதித் தலைவர், அவரும் இல்லாவிட்டால் இன்னார் என்று மூன்று பெயர் கேற்றிலும் கந்தோரிலும் ஒட்டியிருக்க வேண்டும். பக்கத்தில் பொலிசுக்கு 119, அம்புலன்சுக்கு 1990, பிள்ளைகளுக்கான உதவிக்கு 1929.

பூட்டைப் பற்றித்தான் எனக்கு உள்ளூரப் பயம். 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 பிள்ளைகள் எரிந்து போனார்கள். ஓலைக்கூரை, ஒடுங்கிய படி, வெளியேற வழி இல்லை. அதே வருடம் டிசம்பர் 26 நமக்குச் சுனாமி. ஞாயிற்றுக்கிழமை, அதுவும் விடுமுறை, அதனால் வகுப்புகள் வெறுமை. இப்போது நம் பள்ளியில் முன் கேற் கடல் பக்கம், பின் கேற் ஊர்ப் பக்கம். பாதுகாப்பு என்று சொல்லிப் பின் கேற்றுக்குச் சங்கிலி போட்டு, திறப்பைக் கந்தோர் மேசைக்குள் வைத்திருக்கிறார்கள். கடல் வந்தால் பிள்ளைகள் ஓட வேண்டியது அந்தப் பக்கம், மேட்டில் இருக்கிற உவர்மலையை நோக்கி! சங்கிலியைக் கழற்றி, உள்ளிருந்து கையால் இழுத்தால் திறக்கிற தாழ்ப்பாள் போட வேண்டும். வெளியிலிருந்து கை விட முடியாதபடி அதைச் சுற்றித் தகடு. ஒரு வெல்டிங் பட்டறையில் அரை நாள் வேலை. உங்கள் காசில் முதலில் செலவழிய வேண்டியது இதற்கே. தவணைக்கு ஒருமுறை, சொல்லாமல், மழை நாளிலும் ஒத்திகை வைக்க வேண்டும்.

ஆசிரியர் பட்டியல். பிள்ளைகளுக்கு ஆபத்து நேர்கிற இடம் பெரும்பாலும் கேற் இல்லை. மலசலகூடப் பின்புறம், சைக்கிள் கொட்டகை, இடைவேளை இருபது நிமிடம், பள்ளி விட்டபின் ரியூசன் ஒழுங்கை. பள்ளியின் வரைபடத்தை ஒரு தாளில் அடித்து ஒவ்வொரு வகுப்புக்கும் கொடு. பெயர் எழுதாமல், பயமான இடத்தில் புள்ளி போடச் சொல். ஒரே இடத்தில் புள்ளிகள் குவியும். அங்கே இடைவேளையில் ஒரு ஆசிரியர் நடந்தால் போதும், நிற்கவும் தேவையில்லை. ஆறாம், ஏழாம் தரத்தைப் பத்து நிமிடம் முந்தி விட்டால் வேன்களுக்குள்ளும் ஓட்டோக்களுக்குள்ளும் சின்னதுகள் சிக்காது. முறைப்பாட்டுப் பெட்டி ஒன்றும் வரப்போகிறது. அதைக் கமராவுக்குக் கீழே தொங்கவிட யோசித்திருக்கிறார்கள். ஒரு பிள்ளையும் கடதாசி போடாது. நூலக அலுமாரிக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

காவலாளிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டியதும் உண்டு: பிள்ளையில் கை வைக்கக்கூடாது, பையைத் தான் சோதிக்கக்கூடாது, ஒரு பிள்ளையைத் தனியாக அறைக்குக் கூட்டிப்போகக்கூடாது, கேற்றை விட்டு வேறு வேலைக்கு அனுப்பினால் மறுக்கலாம். கடைசி வரிக்கு அதிபரே கையெழுத்து வைக்க வேண்டும். நம் பழைய அதிபர் செல்வம் சேர் இருந்திருந்தால் இரண்டு கையெழுத்து வைத்திருப்பார்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன் உங்கள் கிளையைத் திரும்பக் கூட்டு. பதினாறை இரண்டாக்கி, மிச்சத்தை மூன்று வருடச் சம்பளமாக மாற்றுவோம் என்று கேள். யோகன் கத்துவான், திரை வேண்டுமென்பான்; அந்த மூன்றாம் மணிக் கதையை எடுத்து விடு, அடங்கிவிடுவான். அங்கே பள்ளிகளில் நடைபாதையில் நிற்கிற கண்காணிப்பாளர்களுக்கு முதல் கிழமையில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று உன் மருமகளிடம் கேட்டு எழுது. அவள் அந்த வேலையில்தானே இருக்கிறாள். பெண் ஆளை எடுக்கும்போது எனக்கு அது வேண்டும்.

அன்புடன்,
சிவா