'ஷில்லி-ஷாலி' வெறும் தயக்கம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் வரும் ஆங்கிலச் சொல் பகுதியை பிளஸ் டூ படிக்கும் என் மகளும் நானும் சேர்ந்துதான் படிக்கிறோம். போன வாரம் 'ஷில்லி-ஷாலி' என்ற சொல்லுக்கு 'தயக்கம்' என்று மட்டும் பொருள் போட்டிருந்தீர்கள். அதை நம்பி அவள், 'ஆபரேஷனுக்குச் சம்மதிக்க தாத்தா ஷில்லி-ஷாலி செய்தார்' என்று வாக்கியம் எழுதிவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

பயந்துபோயிருக்கும் பெரியவரைப் பற்றிச் சொல்லும் சொல்லா அது? 'ஸ்டாப் ஷில்லி-ஷாலியிங்' என்றால் 'இழுத்தடிக்காமல் ஏதாவது ஒன்றைச் சொல்லு' என்ற அதட்டல். தாத்தாவுக்கு 'ஹெசிடேட்', அதாவது 'தயங்கு' என்ற சொல் போதும். அதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை.

இந்தச் சொல் பிறந்ததே 'ஷேல் ஐ?' என்ற கேள்வியிலிருந்துதான். செய்யட்டுமா, செய்யட்டுமா என்று ஒருவர் தன்னையே கேட்டுக்கொண்டு நிற்பது. வில்லியம் காங்கிரீவ் 1700இல் எழுதிய நாடகத்தில் 'ஷில் ஐ, ஷேல் ஐ' என்றே வருகிறது. அப்புறம்தான் இரண்டும் ஒட்டி ஒரே சொல்லாயிற்று. இந்த ஒரு வரியைப் போட்டிருந்தாலே பிள்ளைகளுக்குப் பொருள் பிடிபட்டிருக்கும்.

நான் ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சேலை எடுக்க வருகிறவர்களின் ஒரு தோளில் மயில்கழுத்து நிறம், இன்னொரு தோளில் அரக்கு. விலை ஒன்று, கரையும் ஒன்று. மயில்கழுத்தை பில் போடச் சொல்லிவிட்டு, கவுண்டர்வரை போய்த் திரும்பி வந்து அரக்கை மறுபடி பிரிக்கச் சொல்வார்கள். பிறகு அதுவும் வேண்டாம், முதலில் பார்த்ததே இருக்கட்டும் என்பார்கள். ஷில்லி-ஷாலி என்றால் இதுதான். ஆனால் கல்யாணப் பட்டு எடுக்க வந்தவர் சம்பந்தியம்மாவுக்கு வீடியோ காலில் காட்டி, விலையைக் குறித்துக்கொண்டு, 'நாளைக்கு வருகிறோம்' என்று போனால் அதற்கு இந்தப் பெயர் பொருந்தாது. பணம் போடுகிறவர்கள் நாலு பேரைக் கேட்கத்தானே செய்வார்கள்.

யாரிடம் சொல்லலாம் என்பதையும் எழுதுங்கள். கூடப் படிக்கும் தோழியிடம் விளையாட்டாகச் சொல்லலாம். ஆசிரியரிடம் சொன்னால் மரியாதைக் குறைவு. அடுத்த வாரம் 'ஹெசிடேட்' சொல்லையும் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் ஆளுக்கொரு வாக்கியம் கொடுத்து மறுபடி வெளியிடுங்கள். பொதுத்தேர்வு எழுதப்போகும் பிள்ளைகள் உங்கள் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஈரோடு